டர்பனுக்குப் புதிதாக வந்த இளங்குடும்பங்களுக்குத் தள்ளுபடி வேட்டை: எங்கே தொடங்குவது, எப்படித் தொடர்வது

தென்னாப்பிரிக்காவில் வேலை கிடைத்து, கைக்குழந்தையோடோ பள்ளிக்குச் செல்லும் பிள்ளையோடோ டர்பனில் குடியேறும் தமிழ்க் குடும்பம், மளிகைச் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருப்பதை முதல் மாதத்திலேயே கண்டுகொள்ளும். அதே மாதத்தில் இன்னொன்றையும் கவனிக்கும். எந்தப் பேரங்காடிக்குள் நுழைந்தாலும் அடுக்குகளில் தள்ளுபடிச் சீட்டுகள் வரிசையாகத் தொங்கும். கல்லாவில் இருப்பவர் ஒவ்வொருவரிடமும் கார்டு இருக்கிறதா என்று கேட்பார். கார்டைத் தேய்த்ததும் ஒவ்வொரு பொருளின் கீழும் கழித்தல் குறியோடு ஒரு தொகை ஏறி, மொத்தம் கண்ணெதிரே இறங்கும். அந்தத் தொகை இறங்குவதைப் பார்ப்பதில் ஒரு கிளர்ச்சி இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனெனில் கணக்குப் பார்க்கும் சலிப்பான வேலையை மாதம் தவறாமல் செய்ய வைப்பது அதுதான். ஆனால் அந்தக் கிளர்ச்சி முழுக்கக் கடைக்காரரின் கையில் இருந்துவிடாமல், நம் வீட்டுக் கணக்குக்குப் பயன்படும்படி திருப்பிக்கொள்ள வேண்டும். அதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். செய்தித்தாளில் கூப்பன்களைக் கத்தரித்து, கட்டுக்கட்டாக எடுத்துச் சென்று, வண்டி நிறையப் பொருட்களை ஏறக்குறைய இலவசமாக வாங்கி வரும் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அந்தக் கற்பனையை விட்டுவிடலாம். இங்கே காகிதக் கூப்பன் அரிது. கல்லாவில் கேட்கும் அந்தக் கார்டு, அதாவது கடையின் விசுவாச அட்டைதான் இங்கே கூப்பன். அதோடு வாராந்திரத் தள்ளுபடித் துண்டறிக்கையும் மாதக் கடைசியும் சேர்ந்துதான் வேட்டைக்களம்.

விலைக் குறிப்பேடு

கார்டு வாங்குவதற்கு முன்பே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கைபேசியில் குறித்துக்கொண்டாலும் சரிதான். உங்கள் வீட்டில் மாதம் தவறாமல் தீரும் இருபது இருபத்தைந்து பொருட்களை அதில் எழுதுங்கள்: அரிசி, பருப்பு வகைகள், சமையல் எண்ணெய், பால், முட்டை, கோழி, டயப்பர், துணி சோப்புத்தூள் என்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே கடையின் பெயர், தேதி, பொதியின் அளவு, விலை ஆகியவற்றோடு, ஒரு கிலோவுக்கோ லிட்டருக்கோ ஒரு டயப்பருக்கோ என்ன விலை விழுகிறது என்பதையும் எழுத வேண்டும். கடைசியாகச் சொன்ன எண்தான் முக்கியம். சில கடைகள் அடுக்குச் சீட்டின் ஓரத்தில் சிறிய எழுத்தில் கிலோ விலையைப் போட்டிருக்கும்; போடாத இடத்தில் நாமே வகுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஓரிரு மாதங்கள் இப்படி எழுதி வந்தால், எது நல்ல விலை என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும். பெரிய பொதி எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையும் அப்போது ஆட்டம் காணும். இரண்டு கிலோ அரிசிப் பொதி தள்ளுபடியில் இருக்கும் வாரத்தில், பக்கத்திலேயே இருக்கும் பத்துக் கிலோ மூட்டையின் கிலோ விலை அதைவிட அதிகமாக இருக்கக்கூடும். குறிப்பேடு இல்லாதவருக்கு 'ஸ்பெஷல்' என்ற சீட்டே விலையாகத் தெரியும். குறிப்பேடு உள்ளவருக்கு அது வெறும் மஞ்சள் தாள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கடைப்பிடித்து, வழிகாட்டியின் மற்ற எதையும் செய்யாமல் விட்டால்கூடச் செலவு குறையும் என்பது என் கருத்து.

கார்டுகளும் பதிவும்

அட்டைகளுக்குப் பதிவு செய்ய உள்ளூர்க் கைபேசி எண் தேவைப்படும். சிம் அட்டையைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பதால், கடவுச்சீட்டையும் வீட்டு முகவரிக்கான சான்றையும் எடுத்துச் செல்லுங்கள். பிறகு கடைகளின் அட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கலாம்; அவற்றுக்குக் கட்டணம் இல்லை. பதிவுப் படிவத்தில் தென்னாப்பிரிக்க அடையாள எண்ணைக் கேட்டால், கடவுச்சீட்டு எண்ணைக் கொடுக்க முடியுமா என்று உதவி மேசையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இளங்குடும்பத்துக்குத் தொடக்கத்தில் மூன்று போதும். பேரங்காடிகளில் பிக் என் பேயின் 'ஸ்மார்ட் ஷாப்பர்' 2011-இல் தொடங்கியது. செக்கர்ஸின் 'எக்ஸ்ட்ரா சேவிங்ஸ்' 2019-இல் வந்து, அடுத்த ஆண்டு ஷாப்ரைட்டுக்கும் விரிந்தது. மருந்து, அழகுப் பொருள், குழந்தைப் பொருள் விற்கும் கிளிக்ஸின் 'கிளப்கார்டு' 1995-இலிருந்தே இருக்கிறது. இவை எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. எக்ஸ்ட்ரா சேவிங்ஸில் தள்ளுபடி கல்லாவிலேயே கழிந்துவிடும், சேர்த்துவைக்க எதுவும் இருக்காது. கிளப்கார்டில் புள்ளிகள் சேர்ந்து, பின்னர் அதே கடையில் செலவழிக்கக்கூடிய பணமாகத் திரும்பி வரும். ஸ்மார்ட் ஷாப்பரில் இரண்டும் கலந்திருக்கும். கல்லாவிலேயே கழியும் தள்ளுபடிதான் எனக்குப் பிடித்தது. புள்ளிக்குக் காலாவதி உண்டு, அது மறுபடியும் நம்மை அதே கடைக்கு இழுத்துவரவும் செய்யும்.

கணவன், மனைவி இருவரும் தனித்தனி அட்டை எடுத்தால் புள்ளிகள் சிதறும். ஆகவே ஒருவர் பெயரில் எடுத்து, இருவர் கைபேசியிலும் அதன் படத்தை வைத்துக்கொள்ளுங்கள். அட்டை இலவசமாகக் கிடைப்பதற்கு ஈடாக, நாம் என்ன வாங்குகிறோம் என்ற விவரம் கடைக்குப் போகிறது. தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழு நடைமுறையில் இருப்பதால், விளம்பரச் செய்திகள் வேண்டாம் என்று நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. தயங்காமல் நிறுத்துங்கள், தள்ளுபடி விவரம் எப்படியும் துண்டறிக்கையில் வந்துவிடும்.

இன்னொன்றையும் அடிக்கடி பார்க்கலாம். அடுக்குச் சீட்டில் பெரிதாக அச்சிட்டிருப்பது கார்டு உள்ளவர்களுக்கான விலையாக இருக்கும். கார்டு இல்லாதவர் கொடுக்க வேண்டிய தொகை அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும். 'எவையேனும் மூன்று' என்று ஒரு விலை போட்டிருந்தால், மூன்றும் அதே வகையைச் சேர்ந்தவைதானா என்று பார்த்த பிறகே வண்டியில் போடுங்கள். கிராம் அளவு மாறினாலோ வாசனை மாறினாலோ கணினி ஏற்காது.

குழந்தைக்கான பொருட்கள்

வீட்டில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் பெருஞ்செலவு டயப்பருக்குத்தான் ஆகும். இங்கே அதை 'நாப்பி' என்பார்கள். இதில் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். அறுபது டயப்பர் உள்ள பொதி 210 ரேண்ட் என்று வைத்துக்கொண்டால், ஒன்று 3 ரேண்ட் 50 சென்ட். தொண்ணூறு உள்ள பொதி 297 ரேண்ட் என்றால், ஒன்று 3 ரேண்ட் 30 சென்ட். இந்தச் சிறு வேறுபாட்டைக் கண்டு பெரும்பாலானோர் பெரிய பொதியை எடுத்து வந்துவிடுவார்கள். ஆனால் சிறிய பொதிக்கு 'இரண்டின் விலைக்கு மூன்று' என்ற சலுகை வரும் வாரத்தில், 420 ரேண்டுக்கு 180 டயப்பர்கள் கிடைக்கும். ஒன்று ஏறத்தாழ 2 ரேண்ட் 33 சென்ட். மூன்றில் ஒரு பங்கு செலவு அப்படியே குறைந்துவிடுகிறது. அந்த வாரத்துக்காகக் காத்திருப்பதுதான் வேட்டை. இத்தகைய சலுகையில் மலிவானதுதான் இலவசமாகும் என்பதால், மூன்றையும் ஒரே விலையில் எடுப்பது நல்லது.

அதற்காகக் கண்மண் தெரியாமல் குவிக்கவும் கூடாது. பிறந்த குழந்தைக்கான அளவுகள் சில வாரங்களிலேயே சிறுத்துப்போகும். தவழவும் நடக்கவும் தொடங்கும் பருவத்துக்குரிய அளவுகளில்தான் குழந்தை நீண்ட காலம் இருக்கும், எனவே சேமித்துவைப்பதானால் அந்த அளவுகளைச் சேமியுங்கள். பிரிக்காத பொதியை அடுத்த அளவுக்கு மாற்றித் தருவார்களா என்று வாங்கும்போதே கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரசீதின் மை சில மாதங்களில் வெளிறிவிடும் என்பதால், அன்றே ஒரு படம் எடுத்துவைப்பது உத்தமம். கிளிக்ஸ் போன்ற கடைகளில் குழந்தைகளுக்கென்று தனிச் சங்கம் இருக்கிறது. அட்டை எடுக்கும்போதே அதிலும் சேர்ந்துகொண்டால் குழந்தைப் பொருட்களுக்குக் கூடுதல் சலுகை வரும்.

குழந்தைக்கான பால்மாவு மட்டும் இந்த வேட்டையில் அடங்காது. 2012 டிசம்பரில் வெளியான விதிமுறைகள், பச்சிளங்குழந்தைகளுக்கான பால்மாவையும் பால் புட்டியையும் புட்டிக் காம்பையும் தள்ளுபடி, கூப்பன், இலவசப் பொருள் போன்றவற்றால் விளம்பரப்படுத்துவதைத் தடை செய்கின்றன. தாய்ப்பால் ஊட்டுவதைப் பாதுகாப்பதற்காக வந்த விதி அது. ஆகவே பால்மாவு தள்ளுபடிக்கு வரும் என்று காத்திருக்க வேண்டாம். கடைகளுக்கிடையே வழக்கமான விலையை ஒப்பிட்டு, மலிவான இடத்தில் தேவைக்கு வாங்குங்கள். யாராவது வாட்ஸ்ஆப்பில் பால்மாவுக் கூப்பன் அனுப்பினால் அது மோசடி என்றே கொள்ளலாம்.

உடுப்புகளில் பருவம் தலைகீழ் என்பதை மறக்கக் கூடாது. இங்கே குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. குளிர் உடுப்புகள் ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் விலை இறங்கும், கோடை உடுப்புகள் பிப்ரவரி, மார்ச்சில். அப்போது ஓர் அளவு பெரிதாக வாங்கிவைத்தால் அடுத்த ஆண்டுக்கு ஆயிற்று. பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்குவதால் நோட்டு, பென்சில், பை ஆகியவற்றுக்கு டிசம்பர் இறுதியிலிருந்தே விலைப்போட்டி நடக்கும். சீருடையைப் புதிதாக வாங்குவதற்கு முன், பயன்படுத்திய சீருடைகளை விற்கும் மேசை பள்ளியில் உண்டா என்று கேளுங்கள். பல பள்ளிகளில் பெற்றோரே அதை நடத்துகிறார்கள். துணிக்கடையில் கடன் கணக்குத் தொடங்கினால் முதல் கொள்முதலில் தள்ளுபடி தருவதாக அழைத்தால் மட்டும் மறுத்துவிடுங்கள். அதற்குப் பதில், பொருளைக் கடையிலேயே நிறுத்திவைத்து மாதாமாதம் சிறுகச் சிறுகக் கட்டி எடுக்கும் 'லே-பை' முறை இங்கே பரவலாக உண்டு. கம்பளிக்கும் குழந்தை வண்டிக்கும் அது ஏற்றது.

சந்தை

காய்கறிக்குப் பேரங்காடியை நம்பி இருக்க வேண்டாம். டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தின் வெஸ்ட்கிளிஃப் பகுதியில் வெள்ளி, சனிக்கிழமைகளில் களைகட்டும் பங்களாதேஷ் சந்தையும், நகர நடுவில் வார்விக் பகுதியில் நெடுங்காலமாக இருந்துவரும் அதிகாலைச் சந்தையும் நம்மவர் கை பழகிய இடங்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் தலைமுறைகளாகக் கடை போட்டிருக்கிறார்கள். முருங்கைக்காய், கத்தரி, அவரை, சேப்பங்கிழங்கு, கட்டுக்கட்டாகக் கீரை, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். சேப்பங்கிழங்கை 'மடும்பி' என்றும் கீரையை 'ஹெர்ப்ஸ்' என்றும் கேளுங்கள்.

இங்கே பல கடைகளில் எடை போடாமல், தட்டிலோ கிண்ணத்திலோ குவித்து, குவியலுக்கு ஒரு விலை சொல்வார்கள். மேலே அடுக்கியிருக்கும் தக்காளி பளபளக்கும். பையில் கவிழ்க்கும்போது அடியில் இருப்பவை மேலே வரும், அந்த நொடியில் கண்ணை எடுக்காதீர்கள். நசுங்கியது இருந்தால், ‘ஆன்ட்டி, இதை மட்டும் மாற்றித் தாருங்கள்’ என்று சொன்னால் போதும், மாற்றிவிடுவார்கள். இரண்டு மூன்று குவியலாக வாங்கும்போது விலையைக் குறைக்கச் சொல்வதைவிடக் கொசுறு கேட்பதே எளிது. ‘அங்கிள், பசேலா இல்லையா?’ என்று கேட்டால், நான்கு பச்சை மிளகாயோ ஒரு கட்டுக் கொத்தமல்லியோ சிரித்துக்கொண்டே பையில் விழும். வயதான பாட்டியிடம் இரண்டு ரேண்டுக்காகப் பேரம் பேசுவது எனக்கு உவப்பானதல்ல. உங்கள் மனச்சாட்சிப்படி செய்துகொள்ளுங்கள்.

கடை கட்டும் நேரத்துக்குப் போனால் மிஞ்சிய குவியல்களை இரண்டுக்கு ஒரு விலை என்று தள்ளிவிடுவார்கள். அன்றே சமைக்கவோ ஊறுகாய் போடவோ நேரம் இருந்தால்தான் அது லாபம். புரட்டாசி விரதத்தில் தமிழ்க் குடும்பங்கள் இறைச்சியை விட்டுவிடுவதால் காய்கறிக்குத் தேவை கூடும்; அந்த மாதத்தில் சந்தைக்குச் சீக்கிரமே போய்விடுங்கள். சந்தைக்குச் சில்லறைப் பணம் கொண்டு போக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வரியில்லாத பொருட்கள்

மதிப்புக் கூட்டு வரி 2018 ஏப்ரல் 1 முதல் 15 விழுக்காடு. அடுக்கில் போட்டிருக்கும் விலையில் அது அடங்கியிருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் சில அடிப்படை உணவுப் பொருட்களுக்கு வரி சுழியம்: அரிசி, பருப்பு வகைகள், உலர்ந்த பயறுகள், பழங்கள், காய்கறிகள், பால், முட்டை, சமையல் தாவர எண்ணெய், சோள மாவு, பழுப்பு ரொட்டி, டப்பாவில் அடைத்த பில்சார்டு மீன் ஆகியவை அதில் வரும். ஆலிவ் எண்ணெய்க்கும் வெள்ளை ரொட்டிக்கும் கோழிக்கும் வரி உண்டு. டயப்பரையும் பள்ளிச் சீருடையையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று 2018-இல் நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது. 2019 ஏப்ரலில் சேர்ந்தவை ரொட்டி மாவு, கேக் மாவு, மாதவிடாய்ப் பஞ்சு ஆகியவை மட்டுமே.

நம் சமையலுக்கு இந்தப் பட்டியல் அளவெடுத்துத் தைத்தது போலிருக்கிறது. சாம்பார், கூட்டு, பொரியல், முட்டைக் குழம்பு என்று வாரத்தின் பெரும்பகுதியை வரியில்லாமலே ஓட்டிவிடலாம். தயிருக்குப் பதில் இங்கே 'மாஸ்' எனப்படும் புளித்த பால் இரண்டு லிட்டர் புட்டியில் கிடைக்கிறது. அதற்கும் வரியில்லை, மோர்க் குழம்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஊரிலிருந்து இறக்குமதியாகும் அரிசியைத் தேடி அலைவதற்கு முன், உள்ளூர்ப் பேரங்காடியின் டேஸ்டிக் புழுங்கலரிசியை ஒருமுறை சமைத்துப் பாருங்கள். பத்துக் கிலோ மூட்டை அடிக்கடி சலுகைக்கு வரும்.

எப்போது போவது

இங்கே பலருக்குச் சம்பளம் மாதத்தின் 25-ஆம் தேதியை ஒட்டி வருகிறது. அரசு உதவித்தொகை மாதத் தொடக்கத்தில் வழங்கப்படுகிறது. பெரிய சலுகைகள் அந்த நாட்களையே குறிவைக்கின்றன, கூட்டமும் அப்போதுதான். துண்டறிக்கை வந்தவுடன் முதல் நாள் காலையிலேயே போய்விடுவது நல்லது. தீபாவளிக்கு முன், டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் பேரங்காடிகள் நெய், மாவு, இனிப்புக்கான பால் பொடி, எண்ணெய் ஆகியவற்றுக்குத் தனி விலை போடும். நவம்பர் இறுதியில் வரும் கறுப்பு வெள்ளியில் மளிகைக்கும் டயப்பருக்கும் கிடைக்கும் விலை பல நேரங்களில் உண்மையான இறக்கம்தான். தொலைக்காட்சிக்காக அடித்துப்பிடித்துக்கொண்டு ஓடுவதைவிட அங்கே நிற்பது மேல்.

காலாவதி நெருங்கிய பொருட்களின் மேல் குறைத்த விலை ஒட்டியிருப்பார்கள். இறைச்சியும் பன்னீரும் அப்படிக் கிடைத்தால் அன்றே உறையப் போட வேண்டும். உறைபெட்டி நிறைய இறைச்சி சேர்ப்பவர்கள் மின்வெட்டையும் நினைவில் கொள்ள வேண்டும். இந்த நாடு அதில் நிறையவே அனுபவப்பட்டிருக்கிறது.

கல்லாவில் விலை மாறினால்

அடுக்கில் ஒரு விலையும் கல்லாவில் வேறு விலையும் வருவது அடிக்கடி நடப்பதுதான். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, காட்டியிருக்கும் விலைக்கு மேல் கேட்கக் கூடாது. இரண்டு விலைகள் ஒரே நேரத்தில் காட்டப்பட்டிருந்தால் குறைந்ததையே கொடுத்தால் போதும். யார் பார்த்தாலும் தெரியக்கூடிய அச்சுப்பிழையைக் கடை திருத்தி அறிவித்திருந்தால் மட்டும் இது பொருந்தாது. எனவே சந்தேகமான சீட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பணம் கட்டும் முன் திரையைப் பாருங்கள், மாறியிருந்தால் மேற்பார்வையாளரை அழைக்கச் சொல்லுங்கள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம்.

பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுநீக்கமோ மாற்றுப் பொருளோ பணமோ கேட்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. தள்ளுபடியில் வாங்கினோம் என்பதற்காக அந்த உரிமை போய்விடாது. மனம் மாறித் திருப்பிக் கொடுப்பது வேறு. அது கடையின் விருப்பம். விலை கொடுத்து வாங்கிய பரிசுச் சீட்டு மூன்று ஆண்டுகள் வரை செல்லும், இலவசமாகக் கிடைத்த சீட்டுக்கு அந்தக் காலவரை பொருந்தாது. கடையில் தீராத வழக்கை நுகர்பொருள், சேவைகள் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குக் கட்டணமின்றிக் கொண்டு போகலாம்.

கூட்டாக வாங்குவது

வேட்டை பழகிய பிறகு செய்ய வேண்டியது இது. நம் ஊர்ச் சீட்டைப் போலவே இங்கே 'ஸ்டாக்வெல்' என்ற வழக்கம் உண்டு. பலர் மாதாமாதம் பணம் போட்டு, ஆண்டுக் கடைசியில் மொத்த விற்பனைக் கடையில் மளிகையை வாங்கிப் பிரித்துக்கொள்வார்கள். அவ்வளவு பெரிதாக வேண்டாம். ஒரே குடியிருப்பில் உள்ள மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து, ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள மேக்ரோ போன்ற மொத்த விற்பனைக் கடைக்கு மாதம் ஒருமுறை ஒரே வண்டியில் போய், எண்ணெய், அரிசி, சோப்புத்தூள், டயப்பர் ஆகியவற்றைக் கட்டோடு வாங்கி வரலாம். பெட்ரோல் செலவு பகிர்ந்துவிடும். நான்கு கடைகளுக்குத் தனித்தனியே ஓடி, மிச்சம் பிடித்ததை வண்டிக்கே கொடுக்கும் நிலையும் வராது.

போவதற்கு முந்தின இரவே ஒவ்வொரு வீட்டின் பட்டியலையும் அளவோடு எழுதி வாங்கி, பணத்தையும் முன்கூட்டியே வசூலித்துவிடுங்கள். கார்டை ஒவ்வொரு மாதமும் வேறு வீட்டார் தேய்த்தால் புள்ளிக் கணக்கில் மனத்தாங்கல் வராது. குழந்தைகளைக் கூட்டிப் போகாமல் ஒருவர் வீட்டில் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாத பிஸ்கட்டுகள் வண்டியில் ஏறாமலிருக்க அதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியாது.